வர்ணக் கடலாசு

பசை காய்ச்சுவது எப்போதும் என் தலையில்தான் விழும். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவைத்து, பழைய ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, வலியசாலையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கடைப் பசையைக் கொடுத்தால் பாதியைத் தின்றுவிடும். மைதாப் பசையையும் தின்கிறதுகள்தான். ஆனால் அதற்காக நான் ராத்திரி விழித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

ஸ்ரீவராகத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், தமிழ் டிவிஷனில் நான் டீச்சர். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இந்த ஊரிலேயே பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளைகள். மலையாளத்தில் சண்டை போட்டுவிட்டுத் தமிழில் அழுவார்கள். மீதிப் பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள். இவர்களை உட்காரவைத்துப் படம் செய்ய வைப்பதை ஏதோ பூப்பறிக்கிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். வந்து ஒரு பீரியட் இருந்து பார்க்கட்டும். ஒருத்தன் தலைமுடியில் பசை, ஒருத்தி பக்கத்துக்காரியின் ரிப்பனைக் கத்தரித்திருப்பாள், இன்னொருத்தன் மூக்குக்குள் மஞ்சள் கிரேயான் துண்டு. பீரியட் முடிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்த வருஷம் மழை தொடங்கிய பிறகு ஒரு பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை, அம்மா ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். முட்டத்தறையில் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பிள்ளைக்கு நிறப் பைத்தியம். வேறு என்ன சொல்ல? தாளில் ஓர் இடம் வெள்ளையாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. வீடு வரைவாள், வீட்டைச் சுற்றித் தீட்டுவாள், தாள் தீர்ந்து பெஞ்சிலும் தீட்டுவாள். "போதும் மக்களே, படம் முடிஞ்சாச்சு" என்றால், "இல்ல டீச்சர், இன்னும் வெள்ள இருக்கு" என்பாள். பெஞ்சைத் துடைப்பது யார்? நான்தான்.

அந்த மாதம் முழுக்க நாங்கள் நிறம் பிழிந்துகொண்டிருந்தோம். பெட்டி வர்ணம் வாங்க வழியில்லாத பள்ளியில் இதெல்லாம்தான் செய்ய முடியும். மஞ்சளைக் குழைத்தால் மஞ்சள், செம்பருத்தியைக் கசக்கினால் ஒரு மாதிரிக் கத்தரிப்பூச் சிவப்பு, முருங்கையிலையைத் தேய்த்தால் பச்சை. ஒவ்வொன்று வரும்போதும் அவள் கண் விரியும், உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு கேட்பாள்:

"நீலம் எதுல இருக்கு டீச்சர்?"

"சங்குப்பூவுல. கொண்டு வாரேன், பொறு."

எங்கள் தெருவில் ஒரு வேலியில் சங்குப்பூ உண்டு. அந்த மழைக்கு எல்லாம் அழுகிக் கொட்டிவிட்டது. அவள் விடவில்லை. தினமும் காலையில் என் பையைப் பிடித்து இழுத்து உள்ளே பார்ப்பாள். "நீலம் கொண்டாந்தீங்களா?" என்று உயிரை வாங்குவாள். "இன்னிக்கு இல்லடி, சனியனே" என்று நானும் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு சாயங்காலம் மைக்கில் சொன்னார். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஹாலை அலங்கரிக்க வேண்டும், தோரணம் செய்யும் வேலை ஒன்றாம் வகுப்புக்கு. "நாளெ ஒண்ணாம் கிளாஸிலெ எல்லா குட்டிகளும் வர்ணக் கடலாசு கொண்டு வரணும், கேட்டோ!"

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா எல்லாரும்? மறக்காம கொண்டு வரணும்" என்றேன். என்ன கொண்டு வர வேண்டும் என்று திருப்பிச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இந்த ஊரில் காகிதத்துக்குக் கடலாசு என்றுதான் பெயர். மலையாளச் சொல்தான், ஆனால் என் அம்மாவே பலசரக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "அந்தக் கடலாசைத் தூரப் போடாதே, அலமாரியில விரிக்கலாம்" என்பாள். அந்தச் சொல்லுக்குள் ஒரு கடல் கிடக்கிறது என்று இத்தனை வயதுக்கும் என் காதில் விழுந்ததே இல்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. பிள்ளைகள் கொண்டுவந்திருந்த காகிதத்தைப் பார்க்க வேண்டுமே! ஜவுளிக்கடைக் கவர், லட்டு டப்பாவின் மூடி, கல்யாணப் பத்திரிகை, பூக்கடையில் சுற்றித் தரும் மினுமினுப்புத் தாள். ஒருத்தன் வீட்டுச் சுவரிலிருந்து அந்த வருஷத்துக் காலண்டரையே முருகனோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தான். நான் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் வளையம் வளையமாக ஒட்டிக் கோத்தார்கள். தென்காசிக் குட்டியைக் காணோம். அவள் வீட்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கும், என் வகுப்புப் பெண் ஒருத்தியும் இவளும் சேர்ந்துதான் நடந்து வருவார்கள். அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அவ எங்க? வரலியா?"

"வந்தா டீச்சர். கடல எடுத்துட்டு வாரேன்னு போயிட்டா."

கடலை வாங்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். வறுத்த கடலை! வழியில் பெட்டிக்கடைக்காரர் யாராவது கையில் கொஞ்சம் அள்ளிக் கொடுத்திருப்பார், தின்று முடித்துவிட்டு ஆடி அசைந்து வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். "நீ பசையை நக்காதே" என்று அந்தப் பெண்ணை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தேன். தோரணம் பெஞ்சைத் தாண்டித் தரைக்கு இறங்கிவிட்டது.

அப்போது காலண்டர் கொண்டுவந்த பையன் கையை நீட்டினான். "டீச்சர், எனக்கு இன்னொரு கடலாசு."

கத்தரி கையிலேயே நின்றுவிட்டது. நான் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, அவள் முகம் கோணியது.

"எங்கடி போனா அவ? கடலையா, கடலா?"

"கடல் டீச்சர். அவ அப்பா ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போற கடல். வலியதுறை."

"எதுக்கு?"

"நீங்கதான வர்ணக் கடல் கொண்டு வரச் சொன்னீங்க. நான் பேப்பர்தான்டின்னு சொன்னேன், அவ கேக்கல. நீலம் அதுலதான் இருக்காம்."

ஐயோ என் தெய்வமே! ஒரு மாதமாக இலையையும் பூவையும் பிழிந்து நிறம் எடுத்துக் காட்டினது யார்? மஞ்சளில் மஞ்சள் இருந்தால் கடலில் நீலம் இருக்காதா? அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

கஞ்சிப்புரையில் சமைக்கும் அக்காவைக் கூப்பிட்டு வகுப்பில் நிறுத்திவிட்டு ஆபீஸ் அறைக்கு ஓடினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன ஆயிற்றோ என்று பதறி எழுந்து, "எந்து பற்றி டீச்சரே?" என்றார். குட்டி கடலுக்குப் போய்விட்டாள், தனியாகப் போய்விட்டாள் என்றேன். எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது, அவர் முகம் வெளுத்துப்போனது. "டீச்சர் போய்க்கோ, ஸ்டேஷனிலே ஞான் விளிக்காம்" என்று போலீஸுக்கு அடிக்கப் போனை எடுத்தார். பிள்ளையின் அம்மா நம்பருக்கு நான் அடித்தேன். ஹோட்டலில் யாரோ எடுத்தார்கள். உடனே வலியதுறைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்கும்போதே போனை வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பைபாஸ் ஞாபகம் வந்தது. முட்டத்தறையைத் தாண்டி வலியதுறைக்குப் போக வேண்டுமானால் அந்த பைபாஸைக் கடக்க வேண்டும். பெரியவர்களே இரண்டு பக்கமும் பார்த்து, கையைக் காட்டி, பாதியில் நின்று, ஓடுகிற இடம் அது. சிக்னலில் நிற்கும்போது ரோட்டில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். இப்படிப் பார்க்கிறாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டே பார்த்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். ஆற்றுக்கால் அம்மைக்குப் பொங்கல் நேர்ந்தேன். நினைவு தெரிந்த நாளாக உன் கோயிலைச் சுற்றி நடந்திருக்கிறேனே, இது ஒன்றைச் செய்ய மாட்டாயா என்று பத்மநாபனை அதட்டவும் அதட்டினேன்.

"பேடிக்கண்டா டீச்சரே. சின்னக் குட்டியல்லே, அத்ர தூரமொந்நும் போகில்லா" என்று தைரியம் சொன்னார் ஆட்டோக்காரர்.

"போவா. அவ போவா. நீங்க வேகமா விடுங்க" என்று கத்தினேன். பாவம் அந்த மனுஷன், ஹாரனை அடித்துக்கொண்டே வேகமாக விட்டார்.

அந்தக் கரையைச் சொல்ல வேண்டும். அங்கே மணல் என்று பெரிதாக எதுவும் இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளைத் தின்றுகொண்டு வந்ததில், மிச்சத்தைக் காப்பாற்றக் கரும்பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்துத் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வந்து அந்தப் பாறையில் அடித்து ஆள் உயரத்துக்கு எழும்பும். அன்றைக்கு வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. வலை முடைந்துகொண்டிருந்தவர்களிடம் போய், யூனிஃபார்ம் போட்ட சின்னப் பிள்ளை, இரட்டை ஜடை, கண்டீர்களா, கண்டீர்களா என்று கேட்டேன். ஒருவர் எழுந்து பாறை வரிசையோரம் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று என்னைக் கையால் கூப்பிட்டார்.

ஒரு பாறைமேல் அவள் பை இருந்தது. அதன்மேல் செருப்பு இரண்டும் ஜோடியாக வைத்திருந்தது. நனையக் கூடாது என்று வைத்திருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆண்கள் நாலைந்து பேர் ஓடிவந்து பாறை இடுக்குகளில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை இன்னொருவர் கையில் கொடுத்தார். அவர் எதைத் தேடப் போகிறார் என்று தெரிந்ததும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்றே எனக்குத் தெரியவில்லை.

அம்மாக்காரி வந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை காய்ந்திருந்தது, இடுப்பில் ஹோட்டல் ஏப்ரன். பையைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். நேரே வந்து என் ரவிக்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்புள்ள எங்கட்டி? ஒன்ன நம்பித்தான விட்டேன்! எங்கட்டி அவ? சொல்லுட்டி!"

உலுக்கட்டும் என்று இருந்தேன். என் பிள்ளையாக இருந்தால் நான் கடித்தே போட்டிருப்பேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு பாறை மேல் ஏறப் போனாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சறுக்கி விழுந்தோம். ஓர் அலை வந்து இருவரையும் தலையோடு நனைத்துவிட்டுப் போனது. "என்ன விடுட்டி, நானும் போறேன்" என்று அவள் திமிறினாள். நான் விடவில்லை. வேறெதையும் செய்யத் தெரியாமல் அதை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

கயிறு கட்டினவர் இரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டார். மூன்றாவது தடவை இறங்கும்போது என் போன் அடித்தது. ஆட்டோக்காரர். நாங்கள் இங்கே கிடக்கும்போது, அந்த மனுஷன் என் நம்பரை வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே கரையோர ரோட்டில் சங்குமுகம் பக்கமாக விசாரித்துக்கொண்டே போயிருக்கிறார்.

"கிட்டி டீச்சரே! குட்டியெ கிட்டி! ஜீவனோடெ உண்டு!"

நான் போனை அவள் அம்மாவின் காதில் வைத்தேன். மலையாளம் அவளுக்கு அரைகுறை. ஆனாலும் அது புரிந்தது.

நல்ல தூரம் தள்ளி, ஒரு மீன்காரர் வீட்டு வாசலில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். மேலே யாருடையதோ கைலியைச் சுற்றியிருந்தார்கள். ஒரு பெண் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். அலை காலை வாரும் இடத்தில் குனிந்து நின்றவளை அவள்தான் ஜடையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். பிள்ளை மடியில் ஒரு காலி பாட்டில். ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். பயந்துபோய் அழுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"டீச்சர், வெயில் வந்தப்போ அங்க நீலமா இருந்துச்சு. கிட்டப் போனா இல்ல. இன்னுந் தள்ளி இருந்துச்சு. அங்க போனா அங்கயும் இல்ல. பாட்டில்ல மொண்டா நெறமே இல்லாம போயிருது. எல்லாத்தையும் கொட்டிட்டேன் டீச்சர்."

அம்மா பளார் பளாரென்று இரண்டு அறை வைத்தாள். அடுத்த நொடி கைலியோடு சேர்த்து வாரி அணைத்துக்கொண்டு அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் ஓர் அறை வைக்க வேண்டும் போலிருந்தது, அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"கடலாசுன்னா பேப்பருடி மக்களே" என்றேன். "வெறும் பேப்பரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பேப்பரா? அப்ப பேப்பர்னே சொல்லியிருக்கலாம்ல?"



திரும்பும்போது ஆட்டோவில் பிள்ளை அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். பைபாஸ் தாண்டியதும் அவள் அம்மா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"டீச்சர், வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"அத விடுங்க இப்ப."

"இல்ல, கேளுங்க. பாட்டில கழுவிக் குடுத்தது நாந்தான். கடல் கொண்டாரச் சொல்லுதாங்கன்னு இவ வந்து சொன்னா. சரி, பஸ்ஸு வச்சு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போவாங்க போலன்னு நெனச்சேன். புள்ளைக்கு எண்ண தேச்சு எறுக்கி ஜட போட்டு, சந்தோசமா அனுப்பிவச்சேன்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இவ அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். என்னக் கொன்னுபோடுவாரு."

சும்மா சொல்லும் பேச்சில்லை அது. பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று அவள் புருவத்தில் தையல் இருந்தது. வழுக்கி விழுந்தேன் என்றாள். நானும் அப்படியா, பார்த்து நடக்கக் கூடாதா என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்றேன் இப்போது.

பள்ளி கேட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் அவனுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார். வேலையிடத்திலிருந்து அப்படியே வந்திருந்தான், கால் முழுக்க சிமெண்டு. அம்மா தோளிலிருந்து பிள்ளையை வாங்கினான். தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தான். அவன் உதடு துடித்ததை நான் பார்த்தேன். பிறகு பிள்ளை கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். அது அவர்கள் வீட்டுப் பாட்டில்.

"யாரு இவளக் கடலுக்குப் போச் சொன்னது?"

என்னைக் கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

"நான்தான்" என்றேன். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கடல் தண்ணி கொண்டு வரணும்னு சொன்னேன். பாட்டிலும் வீட்டுலருந்து எடுத்துட்டு வரச் சொன்னேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார். மைக்கில் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாதா? அவர் போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஒரு டீச்சரு பேசுத பேச்சா இது?" என்றான் அவன். குரலை உயர்த்தவே இல்லை. "ஒத்தப் புள்ள. இதுக்குத்தானா ஊர விட்டு ஊரு வந்து கெடக்கோம். நாளைலருந்து இவ இங்க வர மாட்டா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். சொல்லேன், ஒரு வார்த்தை சொல்லேன், டீச்சர் மேல தப்பில்லங்க, புள்ள படிக்கட்டும் என்று அதையாவது சொல்லேன் என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தோளில் பிள்ளைக்குத் தூக்கம் கலைந்தது. ஹால் வாசலில் பிள்ளைகள் பாதி கட்டித் தொங்கவிட்டிருந்த தோரணத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நாளைக்கு நான் பேப்பர் கொண்டாறேன் டீச்சர்" என்றாள்.

அவள் வரவில்லை. அதற்குப் பின்னாலும் வரவில்லை. முட்டத்தறைக்குப் போய்ப் பார்த்தேன். அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊருக்குப் போயிருக்கலாம், வேறு எங்காவது கட்டட வேலைக்குப் போயிருக்கலாம். உள்ளதைச் சொல்லியிருந்தால் பிள்ளை என் வகுப்பில் இருந்திருப்பாள், அவள் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. கேட்டில் அவள் வாய் திறக்காததை நான் குறை சொல்லவே மாட்டேன். அவன் கேள்வி கேட்டபோது அவள் என் பின்னால் நின்று, நனைந்த என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.